பால்கனியில் கட்டிய படகுகள்

மச்சினன் வந்து இறங்கிய அன்று, கண்ணாடிக்காரர் வாசலில் நின்று அவனுடைய பெட்டிகளை எண்ணத் தொடங்கிப் பாதியிலேயே விட்டுவிட்டார். துணிமணிக்கு ஒரே ஒரு பைதான். மற்றதெல்லாம் மூடி போட்ட டப்பாக்கள். தூக்கும்போது ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி சலசலத்தது. ஒன்றில் ஆலங்கட்டி மழை. இன்னொன்றில் யாரோ கூழாங்கல் மேல் நடக்கிற சத்தம்.

“என்ன மாப்ளே, மளிகைக்கடை வெக்கப் போறியா?”

“கட்டைங்க மாமா. சொல்லியிருக்கேனே.”

சொல்லியிருந்தான்தான். பொம்மைக் கட்டைகள். தலையில் சின்னச் சின்னக் குமிழ்களோடு, ஒன்றன்மேல் ஒன்றை வைத்து அழுத்தினால் ‘டக்’கென்று கவ்விக்கொள்ளுமே, அந்தப் பிளாஸ்டிக் கட்டைகள். ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்புப் பக்கம் வேலை பார்க்கிற, காதோரம் நரை எட்டிப் பார்க்கிற ஒரு மனுஷன் இவற்றை வைத்துக்கொண்டு என்னதான் செய்வான் என்று அவர் அதுவரை யோசித்ததே இல்லை.

அவன் குடியிருந்த அறையின் கூரை ஒழுகியது. பழுது பார்த்து முடிக்கும்வரை அக்கா வீட்டில் இருக்கட்டும் என்று முடிவானது. முடிவெடுத்தது அக்கா. கண்ணாடிக்காரருக்குச் செய்தி மட்டும் வந்து சேர்ந்தது. “சின்னவனுக்கு ஹால்ல ஒரு மூலை போதுங்க” என்றாள். அந்த மூலை கொஞ்ச நாளிலேயே காலை நீட்டிப் படுத்துப் பாதி ஹாலைப் பிடித்துக்கொண்டது.

அவளுக்கு, குடிநீர் அலுவலகத்தில் தொலைபேசியில் புகார் கேட்கிற வேலை. காலையில் போனால் சாயங்காலம்தான் வருவாள். மச்சினன் விடியும் முன்பே ரொட்டி சுடக் கிளம்பிவிடுவான். மதியம் வீடு திரும்பும்போது அவனோடு சூடான ரொட்டி வாசனையும் படியேறி வரும். கண்ணாடிக்காரர் உச்சிவெயிலில் தன் மூக்குக் கண்ணாடிக் கடையை இழுத்து மூடிவிட்டு வருவார். சாப்பிடுவார். சோபாவில் சாய்வார். கண்ணை மூடினால் கடன்காரன் கூப்பிட்டாலும் கேட்காத தூக்கம். அந்த நேரம் முழுக்க மச்சினன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, டப்பாக்களைத் துழாவிக்கொண்டிருப்பான். ஜன்னல் திரை காற்றில் உப்பும், அடங்கும். இப்படித்தான் இரண்டு ஆண்களின் மதியங்களும் கழிந்தன.

முதலில், இரண்டு துண்டுகளை இணைத்த ஒரு பலகை வந்தது. பலகைமேல் ஒரு மேடு. மேடு வளர்ந்து குன்றாயிற்று. குன்றைச் சுற்றி நீலக் கட்டைகளில் தண்ணீர் தேங்கியது. பெட்டிமேல் போட்டிருக்கும் படத்தைப் பார்த்துக் கட்டுகிற ரகம் இல்லை அவன். எந்தப் பெட்டியிலும் இல்லாததைத்தான் கட்டுவான்.

“இது எந்த ஊர்டா?” என்று ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

“தெரியலை மாமா. வரவரத்தான் தெரியும்.”

“நல்ல பதில். நான் இப்படி ‘பவர் என்னன்னு தெரியலை, வரவரத் தெரியும்’னு சொன்னா கடை நடக்குமா?”

மச்சினன் சிரித்தான். சிரித்தாலும், ஏதோ சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்ட மாதிரியும் இருந்தது. அவர் கண்டுகொள்ளவில்லை.

அவர் மனம் மாறியது ஒரு சின்ன விஷயத்தில். கை கழுவிவிட்டு வந்தவர், குன்றின் சரிவில் ஒட்டியிருந்த வீடுகளில் ஒன்றின் பால்கனியைத் தற்செயலாகப் பார்த்தார். பால்கனியைக் கீழிருந்து தாங்கும் வளைந்த முட்டுகள், பழைய கட்டடங்களில் இருக்குமே, அப்படியே இருந்தன. எப்படி இவ்வளவு நேர்த்தியாகச் செய்தான் என்று குனிந்தார். கிட்டப்பார்வைக்காரர் அவர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினால்தான் மிக அருகில் இருப்பது துல்லியமாகத் தெரியும். கழற்றினார். மூக்கு தண்ணீரில் படுகிற அளவுக்கு முகத்தைக் கொண்டுபோனார்.

அவை முட்டுகள் இல்லை. பொம்மை மனிதர்கள் கையில் பிடித்துத் தின்பதற்கென்று செய்த, பிறை வடிவ ரொட்டிகள்.

“அடப்பாவி, ரொட்டியை வெச்சா பால்கனியைத் தாங்க வெச்சிருக்கே?”

“வேற என்ன மாமா தெரியும் எனக்கு?”

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட ஆரம்பித்தது. மரத்தின் உச்சியில் அடர்ந்திருந்த தழைகள், பொம்மைத் தலைகளுக்குப் போடுகிற பச்சை நிறக் கூந்தல். கூரை ஓடுகள், கவிழ்த்து அடுக்கிய வாழைப்பழங்கள். வட்ட ஜன்னல், ஒரு காரின் ஸ்டியரிங். மாடிப்படியின் கைப்பிடி, ஏதோ ஒரு எலும்புக்கூட்டின் கைகள். தண்ணீரின் மேல் மினுங்கிய அலை, உடைவாள்களின் கத்திப் பாகம். ஒவ்வொரு பொருளும் தான் பிறந்த வேலையை விட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் இன்னொன்றாக மாறி நின்றுகொண்டிருந்தது. கண்ணாடி இல்லாத கண்ணுக்கு ஹால் முழுவதும் கலங்கிப்போய், சோபா ஒரு பழுப்புத் திட்டாகவும் அலமாரி ஒரு நிழலாகவும் கரைந்துவிட, அந்தக் குன்று மட்டும் கூர்மையாக, வெயிலோடு, நடுவில் நின்றது. எவ்வளவு நேரம் அப்படியே நின்றார் என்று அவருக்கே தெரியாது. கழுத்து வலித்தபோதுதான் நிமிர்ந்தார்.

அன்றிலிருந்து மதியச் சாப்பாடு இரண்டாம் பட்சமாயிற்று. கதவைத் திறந்ததும் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் கண்ணாடியைக் கழற்றுவார். இன்றைக்கு ஊரில் என்ன புதிதாக வந்திருக்கிறது என்று குன்றை ஒரு சுற்று சுற்றுவார். தொடமாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்.

விசித்திரமான ஊர் அது. படகுகளைக் கரையில் கட்டவில்லை, பால்கனிகளில் கட்டியிருந்தார்கள். வெட்டவெளியில், புல்சரிவின் நடுவில், ஒரு துணி அலமாரி கதவு திறந்து நின்றது. அதற்குள்ளிருந்து மஞ்சள் வெளிச்சம் வழிந்து புல்லில் தேங்கியிருந்தது. கொண்டை சரிந்த ஒரு பெண், கொடியில் துணிக்குப் பதிலாக மீன்களைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பேருந்து நிறுத்தத்தில் ஒரு ஆடு, நாலு பேருக்குப் பின்னால் பொறுமையாக வரிசையில் நின்றது.

இதையெல்லாம் பார்க்கும்போது அவருக்குள் ஒன்று நடந்தது. வியப்பு ஒரு பக்கம். அதற்கு அடியில், எங்கேயோ பார்த்த முகத்தைக் கூட்டத்தில் பார்க்கும்போது வருமே, அப்படி ஒரு நெருடல். அந்த அலமாரியைப் பார்த்ததும் ‘இதை யாராவது சாத்தக்கூடாதா’ என்று மனசு பதறியது. ஏன் பதறியது? கடையில் கண்ணாடி வில்லையைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது நினைத்துப் பார்ப்பார். பிடிபடாது. நுனி நாக்கில் நின்று, உருகிப்போகும்.

இன்னொன்றும் அவரைக் குடைந்தது. அந்தக் கொண்டைக்காரி தன் மனைவிதான், சந்தேகமே இல்லை. அவளுக்கும் எந்தக் கொண்டையும் நேராக நிற்காது. வரிசையில் முதலில் நிற்பவர், கழுத்தில் நாடாவோடு, கீழ்வீட்டுத் தையல்காரர். குடையை மடித்துக்கொண்டே இருக்கும் பெண், கடையில் தனக்கு உதவியாக இருக்கிறவள். தெருமுனைப் பேப்பர்காரர்கூட ஒரு பால்கனியில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். தெரிந்தவர் அத்தனை பேரும் குடியேறிவிட்டார்கள்.

அவரைத்தான் காணோம்.

முதலில் சரியாகப் பார்க்கவில்லையோ என்று நினைத்தார். பூதக்கண்ணாடியைக் கடையிலிருந்து எடுத்துவந்து, மச்சினன் குளிக்கப் போன நேரத்தில் வீடு வீடாகத் தேடினார். மூக்குக் கண்ணாடி போட்ட ஆளே ஊரில் இல்லை.

“ஏன் மாப்ளே,” என்றார் மறுநாள், ரொம்பச் சாதாரணமாகக் கேட்பதுபோல. “உங்க ஊர்ல ஒருத்தரும் கண்ணாடி போடறதில்லையா?”

“அங்க எல்லாருக்கும் கண்ணு நல்லாத் தெரியும் மாமா.”

“ஓஹோ. அப்ப கண்ணாடிக்காரனுக்கு அங்க பிழைப்பே இல்லை.”

மச்சினன் காது சிவந்து டப்பாவுக்குள் தலையை விட்டுக்கொண்டான். அவர் போய்ப் படுத்தார். சாயங்காலம் மனைவியிடம் புலம்பினார்.

“தின்னற சோறு என் வீட்டுல, படுக்கறது என் வீட்டுல. பேப்பர்காரனுக்கெல்லாம் பால்கனி குடுத்திருக்கான். எனக்கு ஒரு திண்டு கூடக் குடுக்கலை.”

அவள் காய் நறுக்குவதை நிறுத்தி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “ஆபீஸ்லதான் நாள் முழுக்கப் புகார் கேக்கறேன்னா, வீட்டுலயுமா? பொம்மை ஊர்ல இடம் குடுக்கலைன்னு அழற ஒரே ஆம்பளை நீங்கதான். அவன்கிட்டயே கேளுங்களேன்.”

“நான் கேப்பேனா? எனக்கென்ன வந்தது?” என்றார். இரண்டு நாள் குன்றின் பக்கம் திரும்பாமல் சாப்பிட்டார். மூன்றாம் நாள் முடியவில்லை.

நூலகத்துப் பக்கத்துக் கூடத்தில் இப்படிக் கட்டுகிறவர்கள் எல்லாரும் சேர்ந்து கண்காட்சி வைக்கப் போகிறார்கள் என்று மச்சினன் ஒருநாள் சொன்னான். அவனுக்கும் ஒரு மேசை ஒதுக்கியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, தெரிந்தவரிடம் இரவல் வாங்கிய வேன் கீழே வந்து நின்றது. மச்சினன் பலகையின் ஒரு பக்கத்தையும் அவர் மறு பக்கத்தையும் பிடித்தார்கள். அவள் முன்னால் நடந்து வழிகாட்டினாள். கதவருகே போனதும் மூன்று பேரும் நின்றார்கள்.

குன்று கதவைவிட அகலம்.

குறுக்காகப் பிடித்தார்கள். சாய்க்கப் பார்த்தார்கள். சாய்த்தால் படகுகள் ஊசலாடின. தையல்காரர் சத்தம் கேட்டு மேலே ஏறி வந்தார். கழுத்து நாடாவை எடுத்துக் கதவை அளந்தார், பலகையை அளந்தார், மறுபடி கதவை அளந்தார். “கதவைப் பிரிச்சு ஒட்டுத் துணி குடுக்க முடியாதுங்களே” என்று வருத்தத்தோடு சொன்னார்.

“நல்லா இருக்கு,” என்றாள் அவள். “ஒருத்தர் கண்மணிக்கும் கண்மணிக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு மில்லிமீட்டர்ல அளக்கறவர். இன்னொருத்தன் ரொட்டிக்கு மாவு அளக்கறவன். ரெண்டு பேருக்கும் இந்த வீட்டுக்கு ஒரு கதவு இருக்கறது கண்ணுல படலை.”

“ரெண்டாப் பிரிக்க வேண்டியதுதான் மாப்ளே. அங்க போய்ச் சேத்துக்கலாம்.”

“பிரிக்க வேண்டாம் மாமா.” மச்சினன் அவசரமாகச் சொன்னான். “ஜன்னல் வழியா இறக்கலாம். கயிறு கட்டி.”

“மூணாவது மாடிடா! மூளை வெந்துபோச்சா?”

அவன் குன்றின் முன்னால் மண்டியிட்டான். எங்கே எது கவ்வியிருக்கிறது என்று விரல்களுக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு கட்டையாக நெகிழ்த்தி, கடைசியில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து மெதுவாக விலக்கினான். ரொட்டியைப் பிட்டது மாதிரி குன்று இரண்டாயிற்று.

உள்ளே ஒரு அறை இருந்தது.

கதவு இல்லாத, ஜன்னல் இல்லாத, வெளியிலிருந்து யாராலும் பார்க்க முடியாத அறை. சுவருக்கு வெளிர்நீலம். தரையில் ஒரு ஜோடிச் செருப்பு, ஒன்று நேராக, ஒன்று தலைகீழாக. ஒரு சோபா. அதில் ஒரு ஆள் ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். பக்கத்து முக்காலியில், கம்பி நுனி அளவுக்கு, ஒரு மூக்குக் கண்ணாடி.

கண்ணாடிக்காரர் தன்னுடையதைக் கழற்றினார். குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

“மாமாதான்,” என்றான் மச்சினன், யாரும் கேட்காமலே.

“எல்லாரும் வெளியில வெயில்ல இருக்காங்க. என்னை மட்டும் ஏன்டா உள்ள வெச்சுப் பூட்டினே?”

“பூட்டலை மாமா.” அவன் கட்டைகளை வெறுமனே விரல்களுக்குள் உருட்டிக்கொண்டிருந்தான். “நீங்க மதியானம் தூங்கும்போது பேசறீங்க. தெளிவாப் பேசறீங்க. முத நாளு நான் பயந்துட்டேன். என்னைத்தான் கூப்பிடறீங்கன்னு நெனச்சேன். ‘ஆட்டுக்கு டிக்கெட் எடுத்தாச்சா?’ன்னு கேட்டீங்க. மறுநாள், ‘படகைப் பால்கனியில கட்டு, கீழ கட்டினா நனைஞ்சிடும்’னு சொன்னீங்க. அப்புறம் ஒரு நாள் பதறிப்போயி, ‘அலமாரியைச் சாத்து, சாத்து, வெளிச்சம் கொட்டுது’ன்னீங்க. நான் அதுவரைக்கும் என்ன கட்டறதுன்னு தெரியாம முழிச்சிட்டிருந்தேன். நீங்க சொல்லச் சொல்லக் கட்டினேன். சொன்னா நிறுத்திடுவீங்களோன்னு சொல்லலை. இந்த ஊரு உங்களுது மாமா. எனக்கு ஆளுங்களை மட்டும்தான் குடிவெக்கத் தெரிஞ்சுது.”

தையல்காரர் நாடாவைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

கண்ணாடிக்காரருக்கு முதலில் வந்தது வெட்கம். தன் மேசை இழுப்பறையை யாரோ திறந்து, உள்ளே இருப்பதை அழகாக அடுக்கி வைத்துவிட்டுப் போனது மாதிரி. “வேற... வேற என்னல்லாம் சொன்னேன்?”

“கடை விஷயம் ஒண்ணும் வரலை மாமா. மீனைக் காயப்போடறதுதான்.”

“அது ஒரு பக்கம் இருக்கட்டும்,” என்று அவள் இடுப்பில் கை வைத்தாள். குரலில் உண்மையான மனத்தாங்கல் இருந்தது. “இத்தனை வருஷம் பக்கத்துல படுத்திருக்கேன். எனக்குக் கொறட்டை மட்டும்தான். இவனுக்கு ஒரு முழு ஊரா?”

முதலில் சிரித்தது தையல்காரர்தான். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். சிரித்த வேகத்தில் ஒரு படகு கழன்று தரையில் விழுந்தது. கண்ணாடிக்காரர் அதை எடுத்தார். அந்தக் குன்றில் அவர் கை பட்டது அதுதான் முதல் தடவை. கையில் எடையே இல்லை. ‘இதை நான் பார்த்திருக்கிறேன்’ என்று அவருக்குள் ஏதோ சொன்னது. எங்கே என்று இந்த முறை கேட்டுக்கொள்ளவில்லை. பால்கனியில் மாட்டினார். ‘டக்’கென்று கவ்வியது.

கூடத்தில் மேசை மேசையாக ஊர்களும் கப்பல்களும் பறவைகளும் நின்றன. ஒருவர் முழுக்க முழுக்கக் கட்டைகளால் ஒரு தையல் இயந்திரம் செய்திருந்தார், சக்கரத்தைச் சுற்றினால் ஊசி ஏறி இறங்கியது. ஒரு பெண் மூடுபனியைக் கட்டியிருந்தாள். பனியை எப்படிக் கட்டுவது? வெள்ளையும் நிறமற்றதுமான தகடுகளை இடைவெளி விட்டு விட்டு அடுக்கி, நடுவில் பாதி தெரிகிற ஒரு பாலம். கண்ணாடிக்காரர் அதன் முன்னால் நின்று, கண்ணாடியைப் போட்டும் கழற்றியும் பார்த்தார். இரண்டு வகையிலும் பனியாகவே இருந்தது. இவ்வளவு பேர், இவ்வளவு நாளாக, தம்தம் வீட்டு மூலைகளில் சத்தம் போடாமல் உட்கார்ந்து இதையெல்லாம் செய்துகொண்டிருந்தார்கள் என்பதை நினைத்தபடியே அடுத்த மேசைக்கு நகர்ந்தார்.

தங்கள் மேசையில் மச்சினன் இரண்டு பாதிகளையும் நெருக்கி வைத்து, நடுவில் ஒரு விரல் இடைவெளி விட்டு நிறுத்தினான்.

“மாமா, திறந்தே வெச்சிருக்கலாமா? எல்லாரும் உங்களைப் பாப்பாங்க.”

அவர் யோசித்தார். அத்தனை நாள் இடம் கிடைக்கவில்லை என்று மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தவர்தான். “வேண்டாம், மூடிடு. தூங்கறவனை யாராவது கிட்ட வந்து உத்துப் பாத்தா முழிச்சுக்குவான்.”

குன்று மூடிக்கொண்டது.

சனங்கள் வந்தார்கள். ரொட்டி முட்டுகளைக் கண்டுபிடித்தவர்கள் பக்கத்தில் நின்றவர்களின் முழங்கையைப் பிடித்து இழுத்துக் காட்டினார்கள். ஒரு தம்பதி, ஆடு ஊருக்குப் போகிறதா, ஊரிலிருந்து வந்திருக்கிறதா என்று சச்சரவிட்டுக்கொண்டார்கள். உயரமான ஒரு அம்மாள் வந்து எதையும் கண்டுபிடிக்க முயலாமல் சும்மா நின்றார். போகும்போது திரும்பி, “நான் இங்க வந்திருக்கேன் போல இருக்கே” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனார். கண்ணாடிக்காரருக்கு முதுகுத்தண்டில் ஒரு குளிர் ஓடியது, இதமான குளிர்.

“யார் செஞ்சது?” என்று கூடத்துக்காரர் கேட்டபோது மச்சினன் மாமாவைக் காட்டினான், மாமா மச்சினனைக் காட்டினார். “ரெண்டு பேரும் இல்லை, நான்தான்” என்றாள் அவள். “கூட்டிப் பெருக்க முடியாம இத்தனை மாசம் பொறுத்துக்கிட்டது யாரு?”

அதற்குப் பிறகு ஒரு சங்கடம் வந்தது. தான் பேசுவது தெரிந்துபோனதால், மதியத்தில் கண்ணாடிக்காரருக்குத் தூக்கம் வரவில்லை. தன் வீட்டுச் சோபாவிலேயே விருந்தாளி மாதிரி விறைப்பாகப் படுத்திருப்பார். மச்சினன் புதிதாக ஒரு வெறும் பலகை முன்னால் உட்கார்ந்து, காதைத் தீட்டிக்கொண்டு, ஆனால் தீட்டவில்லை என்று காட்டிக்கொள்ள டப்பாவைக் கலக்கிக்கொண்டிருப்பான். ஒருநாள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள்.

“வரலைடா.”

“பரவாயில்லை மாமா. வற்புறுத்திக் கூப்பிட்டா வருமா?”

கூரை வேலை முடிந்து மச்சினன் தன் அறைக்குத் திரும்பினான். ஹால் திடீரென்று பெரிதாகி, சொன்ன சொல் எதிரொலிக்கிற அளவுக்கு வெறிச்சோடியது. குன்றை அவன் எடுத்துப் போகவில்லை. அதைக் கண்ணாடிக்கடையில், கண் சோதிக்கும் நாற்காலிக்கு எதிரே, ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். புதுக் கண்ணாடியைப் போட்டுப் பார்க்கிறவர்கள் எழுத்துப் பலகையைப் படிப்பதை விட்டுவிட்டு அங்கே போய் நின்றுவிடுவார்கள். அவரும் அவசரப்படுத்தமாட்டார்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு விடுமுறை மதியம், மச்சினன் கடைக்கு வந்தான். கையில் ஒரு சின்ன டப்பா. தெருவில் ஆளில்லை. மழைத்தண்ணீர் கடைக் கண்ணாடியில் வழிந்து, எதிர்ச் சாரிக் கட்டடங்களை நீளமாக இழுத்துக்கொண்டிருந்தது. உதவிப்பெண் முன்னமே வீட்டுக்குப் போயிருந்தாள்.

“இப்ப என்ன மாப்ளே கட்டறே?”

“இந்தத் தடவை என் கனவையே கட்டலாம்னு பாக்கறேன் மாமா. ஆனா தொந்தரவு என்னன்னா, கனவுலயும் நான் ரொட்டிதான் சுடறேன்.”

“கூலி குடுக்கறாங்களா?”

“அங்கயும் பாக்கிதான்.”

“அப்ப ரொட்டியையே கட்டேன்டா. என்ன குறைச்சல் அதுக்கு?”

மச்சினன் மேசைமேல், கண்ணாடிச் சட்டங்களை ஒதுக்கிவிட்டு, டப்பாவைக் கவிழ்த்தான். பழுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாகக் கட்டைகள் பரவின. மச்சினன் ஒன்றோடு ஒன்றைப் பொருத்தத் தொடங்கினான். அவர் வழக்கம்போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தபடி நின்றார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கடை கரைந்தது, மழை கரைந்தது. குவியலிலிருந்து நிறமே இல்லாத ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்து, லென்ஸைப் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, ரொட்டியின் ஓரமாக எங்கேயோ ஒட்டவைத்தார்.

“அது என்ன மாமா?”

“தெரியலை. இருக்கட்டும், இன்னொண்ணு எடு.”